ஃபவுலும் ஊர்ப்பகையும்: ஆட்டம் பார்ப்பவர்களின் கோபத்தைப் பற்றி

பழவேற்காடு ஏரியைச் சுற்றியும், ஏரிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல்திட்டிலும் உள்ள மீனவக் குப்பங்களில் கோயில் திருவிழா, பொங்கல் என்றால் கபடிப் போட்டி வைப்பது உண்டு. பக்கத்துக் குப்பங்களிலிருந்து அணிகள் வரும். அணிகளோடு அந்தந்த ஊரும் வரும். கோட்டை ஒட்டி உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு ஆடுகிறவர்கள் முகம் தெரியாதவர்கள் இல்லை. பாடி வருகிறவன் ஒருவருக்குத் தம்பி, இன்னொருவருக்கு மச்சான், வேறொருவரோடு ஒரே போட்டில் தொழிலுக்குப் போகிறவன். மூன்று பேர் அவனை மடக்கிப் பிடித்து அவுட் ஆக்கிவிட்டார்கள்; அதன் பிறகும் நான்காமவன் வந்து முட்டியால் இடிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அம்பயர் விசிலை வாயில் வைப்பதற்குள் இரண்டு ஊரும் ஆளுக்கொரு தீர்ப்பைச் சொல்லி முடித்திருக்கும். ஒரு பக்கம், "வேணும்னே அடிச்சான்" என்று எழுந்து நிற்கும். மறுபக்கம், "ஆட்டம்னா அடிபடாதா?" என்று கேட்கும்.

உலகத்தில் எந்த மைதானத்துக்குப் போனாலும் இந்த இரண்டு வாக்கியங்களைக் கேட்கலாம். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் கேட்கும், கல்கத்தா கால்பந்தில் கேட்கும், சேப்பாக்கத்தில் கேட்கும். ஒரே அடியைப் பார்த்த இரண்டு கூட்டங்கள் ஏன் இரண்டு அடிகளைப் பார்க்கின்றன? அந்தக் கோபம் சில இடங்களில் ஒரு நிமிடக் கூச்சலோடு அடங்குவதும், சில இடங்களில் பிணம் விழுகிறவரை போவதும் எதனால்? அடி எவ்வளவு பலமானது என்பதற்கும் கோபம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் உள்ள தொடர்பு நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. ஆட்டத்துக்கு முன்பே இரண்டு தரப்புக்கும் இடையே என்ன பாக்கி இருந்தது, அடிக்குப் பிறகு இருவரும் ஒப்புக்கொள்ளும் ஒரு தீர்ப்பு கிடைத்ததா என்ற இரண்டும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. இதுவரை நடந்தவையும் ஆராயப்பட்டவையும் என்னை இந்த முடிவுக்கே கொண்டு வருகின்றன.

இந்தியாவில் இதற்கு மிகக் கொடிய சாட்சி 1980 ஆகஸ்ட் 16. கல்கத்தா ஈடன் கார்டன்ஸில் மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் லீக் ஆட்டம். ஈஸ்ட் பெங்காலின் திலீப் பாலித், மோகன் பகானின் பிதேஷ் போஸ் மீது முரட்டுத்தனமாகப் பாய்ந்தார். பிதேஷ் திருப்பித் தாக்கினார். நடுவர் இருவரையும் வெளியே அனுப்பினார். விதிப்படி பார்த்தால் விவகாரம் அங்கே முடிந்துவிட்டது. காலரியில் அப்போதுதான் தொடங்கியது. கைகலப்பு, கல்வீச்சு, தப்பியோடியவர்களின் நெரிசல் என்று வளர்ந்து 16 ரசிகர்கள் உயிரிழந்தார்கள். களத்தில் இருந்த யாருக்கும் உயிராபத்து இல்லை. இறந்தவர்கள் எல்லாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஆட்டம் பார்க்க வந்தவர்கள்.

அந்த அடியை மட்டும் வைத்து இதை விளக்கவே முடியாது. 1889-இல் தொடங்கிய மோகன் பகான் மேற்கு வங்கத்து மண்ணின் மைந்தர்களுடைய கிளப்பாகவும், 1920-இல் தொடங்கிய ஈஸ்ட் பெங்கால் கிழக்கிலிருந்து வந்தவர்களுடைய கிளப்பாகவும் வளர்ந்தவை. பிரிவினைக்குப் பின் அகதிகளாக வந்து, வீடும் வேலையும் தேடி அலைந்தவர்களுக்கு அந்தக் கிளப் ஊரின் இடத்தில் இருந்தது. வேலை, வாடகை வீடு, பேச்சு வழக்கு, சமையல் என்று எல்லாவற்றிலும் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்ட முப்பது ஆண்டுக் கணக்கு அந்தக் காலரியில் உட்கார்ந்திருந்தது. திலீப் பாலித்தின் கால் பட்டது ஒரு விளையாட்டு வீரர் மீது. வலித்தது அந்தக் கணக்குக்கு.

பார்வை எப்படிப் பிளக்கிறது என்பதை அளந்து காட்டிய முதல் பெரிய ஆய்வு 1954-இல் வெளிவந்தது. 1951 நவம்பரில் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் கல்லூரிகளுக்கு இடையே நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் மிகவும் முரட்டுத்தனமாகப் போனது. பிரின்ஸ்டனின் நட்சத்திர வீரர் டிக் காஸ்மையருக்கு மூக்கு உடைந்தது; டார்ட்மவுத் வீரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. இரு கல்லூரிகளின் மாணவர் பத்திரிகைகளும் வாரக்கணக்கில் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃப், ஹாட்லி கான்ட்ரில் என்ற இரண்டு உளவியலாளர்கள் அந்த ஆட்டத்தின் படச்சுருளை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, கண்ணில் பட்ட விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மவுத் அணி செய்த தவறுகள் என்று பிரின்ஸ்டன் மாணவர்கள் குறித்தது சராசரியாக 9.8. டார்ட்மவுத் மாணவர்கள் தங்கள் அணியிடம் கண்டது 4.3 மட்டுமே. பிரின்ஸ்டன் அணியின் தவறுகளைப் பொறுத்தவரை இரு தரப்பும் ஏறக்குறைய ஒத்துப்போனார்கள்: 4.2, 4.4.

படம் ஒன்றுதான், வேகம் ஒன்றுதான், விதியும் ஒன்றுதான். இந்த மாணவர்கள் பொய் சொல்லவில்லை என்பதுதான் இந்த ஆய்வில் மிக முக்கியமான விஷயம். அவர்கள் பார்த்ததையே எழுதினார்கள். நம் ஊரில் ஒரு தகராறு விசாரணைக்கு வரும்போது எதிர்த்தரப்பு சாட்சியைப் "பொய்யன்" என்று சொல்வதுதான் நமக்கு முதலில் வருகிறது. அவன் பொய்யனாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அவன் கண் அவன் ஊர்க்கண்.

அமெரிக்கக் கூடைப்பந்திலிருந்து இரண்டு நிகழ்வுகள். வட கரோலினாவில் டியூக் பல்கலைக்கழகமும் வட கரோலினா பல்கலைக்கழகமும் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன. நமக்குப் பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகிற தூரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 2007 மார்ச் 4 அன்று நடந்த ஆட்டம் கிட்டத்தட்ட முடிந்துவிட்ட நிலையில், 15 வினாடிகூட மீதமில்லாதபோது, டியூக்கின் ஜெரால்ட் ஹெண்டர்சனின் முழங்கை வட கரோலினாவின் டைலர் ஹான்ஸ்பரோவின் முகத்தில் இறங்கியது. மூக்கு உடைந்து முகமெல்லாம் ரத்தம். ஹெண்டர்சன் வெளியேற்றப்பட்டார், அடுத்த ஆட்டத்திலும் ஆட முடியவில்லை. ஒரு தரப்புக்கு இது திட்டமிட்ட தாக்குதல். மறு தரப்புக்குப் பந்தைத் தடுக்கத் தாவியபோது நேர்ந்த விபத்து. டியூக் பயிற்சியாளர் மைக் ஷஷெவ்ஸ்கி, முடிவு தெரிந்துவிட்ட ஆட்டத்தில் முக்கிய வீரர்களை இன்னும் களத்தில் வைத்திருந்ததைப் பற்றிப் பேச, எதிர்த்தரப்பு ரசிகர்கள் இன்னும் கொதித்தார்கள். அடிபட்டவனைக் குறை சொல்வதாக அது அவர்கள் காதில் விழுந்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டு ஹான்ஸ்பரோ திரும்ப ஆட வந்துவிட்டார். ரசிகர்களின் வழக்கு இன்னும் முடியவில்லை.

இன்னொன்று 1992 மார்ச் 28. டியூக்கின் கிறிஸ்டியன் லைட்னர், கீழே விழுந்து கிடந்த கென்டக்கி வீரர் அமினு டிம்பர்லேக்கின் மார்பில் காலை வைத்தார். வலி பெரிதாக இல்லை, காயமும் இல்லை. டெக்னிக்கல் ஃபவுல் மட்டும் கொடுத்து நடுவர் அவரை ஆட விட்டார். அதே லைட்னர், கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் பந்தைப் போட்டு 104-103 என்று கென்டக்கியைத் தோற்கடித்தார். இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, இந்த மனிதரை மக்கள் ஏன் இவ்வளவு வெறுக்கிறார்கள் என்பதையே பொருளாகக் கொண்டு ஒரு ஆவணப்படம் வந்தது. மூக்கை உடைத்த அடியைவிட, உடம்பில் தடம்கூடப் பதியாத அந்த மிதி அதிகக் காலம் மனதில் நின்றதற்குக் காரணம் இருக்கிறது. கீழே கிடப்பவனைக் காலால் மிதிப்பது அவமானம். அவமானம் செய்தவன் வெளியேற்றப்படாமல் நின்று வென்றும் போனால், தீர்ப்பே நடக்கவில்லை என்றுதான் தோற்றவர்கள் மனம் சொல்லும்.

வேண்டுமென்று செய்தானா, தவறிப் பட்டதா என்ற கேள்வி கூடைப்பந்தோடு பிறந்தது. 1891-இல் ஜேம்ஸ் நைஸ்மித் ஸ்பிரிங்ஃபீல்டில் இந்த ஆட்டத்தை உருவாக்கி எழுதிய 13 விதிகளிலேயே அது இருக்கிறது: இடித்தால், தள்ளினால் ஃபவுல், காயப்படுத்தும் எண்ணம் தெளிவாகத் தெரிந்தால் அந்த வீரர் ஆட்டம் முழுவதும் வெளியே, மாற்று ஆளும் கிடையாது. ஒய்.எம்.சி.ஏ. வழியாக இந்த ஆட்டம் நம் நாட்டுக்கு வந்தது. 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி தென்னாட்டுக்கு விளையாட்டு ஆசிரியர்களை உருவாக்கித் தந்தது. எண்ணத்தை அளப்பது எவ்வளவு கடினம் என்பதையும் அந்த ஆட்டத்தோடு நாம் வாங்கிக்கொண்டோம்.

இப்போது அது இன்னும் கடினமாகிவிட்டது. 2016-இல் யூஜின் கருசோவும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் ஒரு விஷயத்தைச் சோதித்துப் பார்த்தார்கள்: ஒரே செயலை மெதுவாக ஓடவிட்டுக் காட்டினால், அதைச் செய்தவன் வேண்டுமென்றே செய்தான் என்று பார்ப்பவர்கள் கூடுதலாக நம்புகிறார்கள். நொடியில் நடந்ததை நீட்டிக் காட்டும்போது, யோசிக்க அவனுக்கு நேரம் இருந்தது போலத் தோன்றிவிடுகிறது. இன்று குப்பத்துக் கபடியையும் பத்துப் பேர் செல்போனில் எடுக்கிறார்கள். முட்டி இறங்கிய இடத்தை நிறுத்தி நிறுத்தி ராத்திரி முழுக்கப் பார்க்கிறார்கள். மைதானத்தில் பாதி ஆறிய கோபம் அந்தச் சின்னத் திரையில் மறுபடி பழுக்கிறது. தகராறு மறுநாள் காலையில் வெடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

விதி அனுமதித்தாலும் மனம் அனுமதிக்காது என்பதற்கு நம்மவர் ஒருவரே எடுத்துக்காட்டு. 2019 மார்ச் 25 அன்று ஜெய்ப்பூரில் நடந்த கிரிக்கெட் ஆட்டத்தில், பந்து வீசுமுன் கோட்டைவிட்டு நகர்ந்த ஜோஸ் பட்லரை ரவிச்சந்திரன் அஸ்வின் ரன் அவுட் ஆக்கினார். விதிப்படி அது அவுட். தமிழ்நாட்டில் பெரும்பாலோர் "விதியில இருக்கு, செஞ்சாரு" என்றார்கள். இங்கிலாந்தில் பலர் அதை மோசடி என்றார்கள். 2022-இல் அந்த வகை அவுட்டை முறையற்ற ஆட்டம் என்ற பிரிவிலிருந்து எடுத்து ரன் அவுட் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். அப்போதும் வாதம் ஓயவில்லை.

சரி, நடுவர் ஒருவர் இருக்கிறாரே, அவர் தீர்ப்பு போதாதா? நடுவரும் கூட்டத்துக்கு நடுவில்தான் நிற்கிறார். ஆலன் நெவில் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தகுதி பெற்ற 40 நடுவர்களுக்கு ஒரு கால்பந்து ஆட்டத்தின் ஒளிப்பதிவைக் காட்டினார்கள். பாதிப்பேர் கூட்டத்தின் சத்தத்தோடு பார்த்தார்கள், பாதிப்பேர் சத்தமில்லாமல். சத்தத்தோடு பார்த்தவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராகக் கொடுத்த ஃபவுல்கள் 15.5 சதவீதம் குறைவு. ஒளிப்பதிவுக்கே இப்படி என்றால், நான்கு பக்கமும் ஆட்கள் கைநீட்டிக் கத்தும் மணல் மைதானத்தில் தனியாக நிற்கும் அம்பயரின் நிலை என்ன? வந்த ஊர்க்காரர்கள் "அம்பயர் அவங்க ஆளு" என்று சொல்லும்போது, அதில் ஓரளவு உண்மை இருக்கிறது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பழவேற்காட்டுக்கு வருகிறேன். இங்கே கோபத்துக்கு இன்னொரு வேர் உண்டு. அமெரிக்கக் கல்லூரி மைதானங்களில் அது இல்லை. ஹான்ஸ்பரோவுக்கு மருத்துவர் குழு இருந்தது, படிப்புக்கு உதவித்தொகை இருந்தது. ஏரியில் வலை இழுக்கிறவனுக்குத் தோள்பட்டை விலகினால் அன்றாடக் கூலி போய்விடும். விரல் முறிந்தால் வலை பின்ன முடியாது. ஒரு முரட்டுப் பிடி, ஒரு குடும்பத்தின் ஒரு பருவத்து வருமானத்தை எடுத்துக்கொண்டு போய்விடலாம். கூட்டத்திலிருந்து எழுந்து ஓடும் அண்ணனின் கோபத்தில் ஊர்ப் பெருமை மட்டும் இல்லை, அடுப்பும் இருக்கிறது. வெளியூர்ப் பத்திரிகைகள் இப்படிப்பட்ட சண்டைகளை 'மீனவக் கிராமங்களிடையே மோதல்' என்று ஒரு வரியில் எழுதி, அந்த மக்கள் இயல்பிலேயே முன்கோபிகள் என்பது போன்ற ஒரு நினைப்பை விட்டுச்செல்லும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

போட்டியைக் கையாளத் தெரியாதவர்களும் அல்ல இவர்கள். ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலுமாக ஏறக்குறைய 450 சதுர கிலோமீட்டர் பரந்த இந்த ஏரியின் தென்பகுதியில், கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் போன்ற ஊர்களில் 'பாடு' என்ற முறை தலைமுறைகளாக இருந்துவருகிறது. இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்கள் முகத்துவாரத்தை ஒட்டிக் குறைவாகவே உள்ளன, ஆட்களோ அதிகம். எல்லாரும் ஒரே இடத்துக்கு ஓடினால் தினமும் வெட்டுக்குத்துதான். அதனால் உரிமை உள்ளவர்களைக் குழுக்களாகப் பிரித்துச் சீட்டுப் போட்டு, எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். இன்று மோசமான இடம் கிடைத்தவனுக்குச் சுற்றில் நல்ல இடமும் வந்துசேரும். முறை தவறி வலை வைத்தால் ஊர் கூடி விசாரிக்கும், தண்டம் போடும். இரண்டு ஊருக்கு இடையிலான வழக்கு என்றால் இரு தரப்புக்கும் சம்பந்தமில்லாத ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசுவார்கள். தோற்றவன் வீட்டுக்குப் போகும்போது, முறைப்படி கேட்டார்கள் என்ற நினைப்போடு போக முடிகிறது. அடுத்த நாள் அதே ஏரியில் எதிரெதிரே வலை வைக்க வேண்டியவர்களுக்கு இதைவிடப் பெரிய தேவை வேறில்லை.

இந்த முறையைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்தால் அது நேர்மையாகாது. பாடு முறையில் உரிமை பிறப்பாலும் சாதியாலும் ஆணுக்கு மட்டுமே வருகிறது. ஏரியை நம்பியே வாழும் இருளர், தலித் மக்கள், வேறு சமூகத்தார் அந்தச் சீட்டில் இல்லை; அதைக் குறித்த வழக்குகளும் மனக்குறைகளும் பல காலமாக உள்ளன. ஊர்க்கூட்டத்தில் பெண்கள் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வதும் அரிது. எதிர்த்துப் பேசியவரை ஒதுக்கிவைக்கும் கொடுமையும் கடலோரத்தில் நடந்திருக்கிறது. இந்தக் குறைகளோடு அந்த அமைப்பை அப்படியே மைதானத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. மணத்தி கணேசன் போன்றவர்கள் தென்மாவட்டத்துக் கபடிக் களங்களிலிருந்து 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுத் தங்கம்வரை போன பாதையில் சாதி எவ்வளவு பெரிய தடையாக நின்றது என்பதைத் தமிழ்நாடு அறியும். ஆனால் தீர்ப்பு இரு தரப்பும் பார்க்க நடக்க வேண்டும், நடுவர் மூன்றாவது ஊர் ஆளாக இருக்க வேண்டும், கணக்கு அன்றே முடிய வேண்டும் என்று பாடு முறைக்குள் இருக்கும் அறிவு ஆட்டக்களத்துக்கு அப்படியே பொருந்தும்.

இந்த மூன்றும் இல்லாத பகை எப்படி இருக்கும் என்பதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். பழவேற்காட்டுப் பிள்ளைகளில் பொன்னேரி அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காதவர்கள், கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலில் சென்னைக்குப் படிக்கப் போகிறார்கள். அந்த ரயில்களிலும் நகரப் பேருந்துகளிலும் 'ரூட்டு' (ஒரு வழித்தடத்து மாணவர் கூட்டம்), 'ரூட்டு தல' (அதன் தலைவன்) என்ற பெயரில் பச்சையப்பன் கல்லூரி மாணவர்களுக்கும் மாநிலக் கல்லூரி மாணவர்களுக்கும் நடக்கும் மோதல் பல்லாண்டுப் பழையது. சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் மாணவர்களின் பஸ் டே கொண்டாட்டத்துக்குத் தடை விதித்தது. 2024 அக்டோபரில் சென்ட்ரல் அருகே தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் சில நாட்களில் இறந்துபோனார். இது ஆட்டமே இல்லாத போட்டி. கோடு இல்லை, விதி இல்லை, விசில் இல்லை, ஆட்டம் முடிந்தது என்று சொல்ல ஆளும் இல்லை. அதனால் கணக்கு முடிவதே இல்லை. முதலாம் ஆண்டு சேருகிற பையன், தான் பிறக்குமுன் விழுந்த அடிக்குப் பதில் சொல்லக் கிளம்புகிறான். இரண்டு கல்லூரிகளிலும் படிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி எளிய குடும்பத்துப் பிள்ளைகள் என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

கூட்டம் என்றால் வெறி என்று முடிவுகட்டுபவர்களும் உண்டு. 1999-ஐ நினைத்துப் பார்க்கலாம். ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில், சச்சின் டெண்டுல்கர் 136 ரன் எடுத்தும் இந்தியா பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றது. வென்ற அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஈடன் கார்டன்ஸில் ஓடிவந்த டெண்டுல்கர், ஷோயப் அக்தர் மீது மோதி ரன் அவுட் ஆனார். அக்தர் வேண்டுமென்றே குறுக்கே நின்றார் என்று கூட்டம் கொதித்தது, பொருட்கள் பறந்தன. கடைசி நாளில் பார்வையாளர்களை வெளியேற்றிவிட்டு வெறும் மைதானத்தில் ஆட்டத்தை முடித்தார்கள். எதிரணி ஒன்றுதான், நாடு ஒன்றுதான், காலமும் ஒன்றுதான். சென்னையில் தோல்வி முறையாக வந்தது. கல்கத்தாவில் ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் வந்தது. தோல்வியைக் கூட்டம் தாங்கும், ஏமாற்றத்தைத் தாங்காது.

யார் நம்மவர் என்ற எல்லையும் நகரக்கூடியதுதான். மார்க் லெவின் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களின் கண்முன்னே ஒருவர் ஓடிவந்து தடுக்கி விழுந்து வலியில் துடிப்பதுபோல் நடித்தார். தங்கள் அணிச் சட்டை போட்டிருந்தால் ஓடி உதவினார்கள். லிவர்பூல் சட்டை என்றால் பெரும்பாலும் கடந்து போனார்கள். அடுத்த முறை, 'கால்பந்து ரசிகன்' என்ற பொதுவான உணர்வை முதலில் பேசிக் கிளப்பிவிட்டு அதே காட்சியை நடத்தினார்கள். லிவர்பூல் சட்டைக்காரருக்கும் உதவி கிடைத்தது. கடலில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அலையில் படகு கவிழ்ந்தால் எந்தக் குப்பத்துப் படகு என்று கேட்டுவிட்டு யாரும் கயிறு வீசுவதில்லை.

போட்டி நடத்தும் ஊர்கள் செய்யக்கூடியவை எளியவை. அம்பயரை மூன்றாவது ஊரிலிருந்து அழைக்க வேண்டும், முடிந்தால் இருவர். வாயை அழுத்துவது, காலால் கத்தரிப் பூட்டுப் போடுவது, அவுட்டான பிறகு இடிப்பது ஆகியவற்றுக்கு என்ன தண்டனை என்பதை ஆட்டத்துக்கு முன் மைக்கில் இரண்டு ஊருக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும். கபடியில் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகள் இருக்கின்றன. காட்டும்போது காரணத்தையும் மைக்கில் சொல்ல வேண்டும். ஒளிப்பதிவைப் பார்த்து முடிவெடுக்க நேர்ந்தால் முதலில் உண்மையான வேகத்தில் பார்க்க வேண்டும். அடித்தவனை அவனுடைய கேப்டனே அன்று மாலை அடிபட்டவன் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். மறுநாளைக்குத் தள்ளினால் செல்போன் முந்திக்கொள்ளும். மைதானத்து விசாரணைக் குழுவில் பெண்களும், பாடு முறையில் இடமில்லாத சமூகத்தவரும் உட்கார வேண்டும். பரிசுத்தொகையை அறிவிக்கும்போதே, அடிபடுகிறவனின் வைத்தியச் செலவுக்கும் அவன் தொழிலுக்குப் போகாத நாட்களின் கூலிக்கும் என ஒரு தொகையைத் தனியாக எடுத்துவைத்து, அதை எந்த ஊர் ஆள் அடிபட்டாலும் கொடுப்போம் என்று மேடையிலேயே சொல்லிவிட வேண்டும்.